முற்றத்தில் ஆறிய இரண்டு கூரைகள்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கத்திரி வெயில் காலம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஐந்து நாட்கள் இரண்டு கூரைத் துண்டுகள் கிடந்தன. ஒன்று கான்கிரீட், நான்கு அங்குலக் கனம். மற்றது எங்கள் மொட்டை மாடியிலிருந்தே வெட்டி எடுத்தது, ஒன்பது அங்குலக் கனம். இரண்டும் ஓர் அடிக்கு ஓர் அடி. வெயிலில் காய்ந்த பிறகு எது சீக்கிரம் ஆறுகிறது என்று பார்க்க வேண்டும். பார்த்து எழுதும் பொறுப்பு எனக்கு.

எனக்கு ஏன் என்றால், நான் திருச்சியில் ஒரு நாளிதழின் நிருபர். கல்யாணம் ஆகவில்லை. மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு மாடி அறையில் அலுவலகம். காலையில் கோர்ட், கலெக்டர் ஆபீஸ், பெரியாஸ்பத்திரி என்று சுற்றி, மத்தியான ரயிலில் செய்திக் கட்டை அனுப்பிவிட்டு, மூன்று மணி சுமாருக்கு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி வீடு வருவேன். சாயங்காலம் ஏழு மணிக்கு டிரங்க் கால் போட்டுச் செய்தி சொல்ல மறுபடியும் போக வேண்டும். நடுவில் உள்ள நான்கு மணி நேரத்தில்தான் இந்த அளவெடுப்பு.

"அவன் பேப்பர்காரன். ரெண்டு பக்கமும் கேட்டு எழுதிண்டு வந்து, கடைசியில ரெண்டு பேருக்கும் பிடிக்காம எழுதுவான். அவனே எழுதட்டும்" என்றார் அப்பா. அண்ணாவும் சரி என்றான்.

விவகாரம் இது. அண்ணாவுக்குத் திருவெறும்பூர்ப் பக்கம் புதிதாக வந்த பெரிய தொழிற்சாலையில் வேலை. கட்டடப் பிரிவில் சூப்பர்வைசர். சிமென்ட், செங்கல், ஜல்லி எல்லாவற்றையும் நசுக்கியும் நனைத்தும் சோதித்துப் பார்க்கும் ஒரு சிறிய கூடம் அவன் பொறுப்பில் இருந்தது. அந்த வருஷம்தான் அவனுக்கு குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஒரு ஹால், இரண்டு அறை, நின்றுகொண்டு சமைக்க மேடை, உள்ளேயே குழாய். அப்பாவும் அம்மாவும் தங்களோடு வந்து இருக்க வேண்டும் என்று மன்னியும் அவனும் கூப்பிட்டார்கள். பங்குனியில் ஒரு ராத்திரி போய்த் தங்கிவிட்டு வந்த அப்பா, வர முடியாது என்று சொல்லிவிட்டார்.

"அது வீடு இல்லைடா, கான்கிரீட் பொட்டி. பகல் பூரா வெயிலைக் குடிச்சு வெச்சுண்டு, ராத்திரி பூரா மூஞ்சியில கக்கறது. இங்க இந்தச் சுண்ணாம்புக் கூரை அப்படியா? அஸ்தமிச்சா ஆறிடும்."

"அதெல்லாம் நீங்களா நினைச்சுக்கறது, அப்பா."

"நினைச்சுக்கறதா? என் முதுகு சொல்றதுடா."

"முதுகுல டிகிரி போட்டிருக்கா?"

அப்பா உயர்நிலைப் பள்ளியில் முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். டிகிரி என்ற சொல் அவரைத் தொட்டுவிட்டது. "சரி, நம்பர் கொண்டு வா. உன் கூரை முதல்ல ஆறித்துன்னா நான் மூட்டை கட்டிண்டு வரேன். என் கூரை முதல்ல ஆறித்துன்னா, இந்தப் பேச்சை இனிமே எடுக்கப்படாது. எப்பவும்."

"எப்பவும்" என்று அவர் சொன்னபோது அம்மா சமையல் நடக்கும் தளிகை உள்ளின் நிலைக்காலில் மார்பு உயரத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். வலது கையை அதற்கு மேல் அவளால் தூக்க முடியாது. தோளில் இரண்டு வருஷமாக வலி. கொல்லைக் கிணற்றில் அவள் இறைத்துக் கொட்டிய தண்ணீரின் வலி அது என்று எண்ணெய் தடவ வந்த வைத்தியர் சொன்னார். பங்குனியில் அந்த ஒரு ராத்திரி அவளும் அங்கே போயிருந்தாள். திரும்பி வந்த அன்று, சாதம் போட்டுக்கொண்டே என்னிடம் மட்டும் சொன்னாள்: "குழாயைத் திறந்தா வர்றதுடா. மூடினா நின்னுடறது. நான் மூணு தடவை திறந்து திறந்து மூடினேன். உங்க மன்னி சிரிச்சா." அவ்வளவுதான். போக வேண்டும் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் ஒன்று வேண்டும் என்று அம்மா சொல்லி நான் கேட்டதும் இல்லை. அந்தப் பந்தயத்தில் உண்மையில் எதையாவது வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். அவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதை இங்கே சேர்த்து எழுதத்தான் வேண்டும்.

அண்ணா ஒரு வாரம் லீவு போட்டு வந்தான். குவார்ட்டர்ஸ் கூரை போட்டபோது அதே கலவையில் வார்த்த துண்டு ஒன்றைக் கோணியில் சுற்றி, தொழிற்சாலை லாரியில் கொண்டுவந்து இறக்கினான். எங்கள் கூரைத் துண்டுக்குச் சிரமம் இல்லை. முந்திய வருஷம் தளிகை உள்ளில் புகை வெளியேற மாடியில் ஒரு சதுரத் துவாரம் வெட்டினோம். வெட்டிய துண்டு உடையாமல் அப்படியே கொல்லையில் கிடந்தது. மேலே தட்டை ஓடு, அதற்குக் கீழே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும், அடியில் குத்துக்கல்லாக நிறுத்திய செங்கல். மெட்ராஸ் டெரஸ் என்று கொத்தனார்கள் சொல்லும் கூரை. கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பு கல்லைவிடக் கெட்டி.

"ஒண்ணு நாலு அங்குலம், ஒண்ணு ஒன்பது அங்குலம். இது நியாயமா?" என்று நான் கேட்டேன்.

"கூரை எவ்வளவு கனமோ அவ்வளவு கனமாத்தாண்டா வெக்கணும். நாம கல்லையா சோதிக்கறோம்? கூரையைன்னா சோதிக்கறோம்" என்றான் அண்ணா. எனக்கு அது சரியாகப் பட்டது.

இரண்டு துண்டுகளின் பக்கவாட்டிலும் வைக்கோல் வைத்துக் கோணியால் இறுகக் கட்டினான், சூடு மேலேயும் கீழேயும் மட்டும் போக வேண்டும் என்பதற்காக. அடியில் காற்று போகச் செங்கற்களின் மேல் தூக்கி வைத்தான். ஒவ்வொன்றின் நடுவிலும் சரிபாதி ஆழத்துக்குத் துளை. துளைக்குள் அம்மாவிடம் வாங்கிய விளக்கெண்ணெய் கொஞ்சம், அதில் முழுகும்படி ஒரு கண்ணாடி தெர்மாமீட்டர். எங்கள் முற்றத்தில் காலை பத்து மணிக்கு வெயில் இறங்கும், மூன்றரை மணிக்கு மேலண்டைச் சுவரின் நிழல் அதைக் கடந்துவிடும். யாரும் எதையும் தூக்கி வைக்க வேண்டாம். நிழல் விழுந்த நிமிஷத்திலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் படிக்க வேண்டும். எது முதலில் நாற்பது டிகிரிக்கு இறங்குகிறதோ அது ஜெயித்தது.

"நாற்பதா? நூத்தி நாலுன்னாவே ஜுரம். நாற்பதுன்னா ஆள் செத்து வெறைச்சுன்னா போயிருப்பான்" என்றார் அப்பா.

"அது பழைய கணக்கு அப்பா, இது சென்டிகிரேட்."

"தெரியும்டா. உனக்குத் தெரியறதான்னு பார்த்தேன்."

பிறகு அப்பா கோணியைப் பார்த்தார். "எந்தப் பட்டறையிலேருந்து யார் யார் மிதிச்சுட்டு வந்ததோ. முத்தத்துல வெக்கறதானா தீர்த்தம் விட்டு வைக்கச் சொல்லு" என்று உள்பக்கமாகப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் அப்போது அப்படித்தான். வெளியிலிருந்து வந்த எதன் மேலும் தண்ணீர் படாமல் உள்ளே சேர்க்க மாட்டார்கள். வெட்கப்பட வேண்டிய பழக்கம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் நான் ஒன்றும் சொல்வதில்லை.

முதல் நாள். மூன்றரைக்குக் கான்கிரீட் ஐம்பத்து மூன்று. எங்கள் கூரை நாற்பத்து நான்குதான். நாலரை மணிக்கெல்லாம் எங்கள் கூரை நாற்பதைத் தொட்டுவிட்டது. கான்கிரீட் தொட்டபோது ஆறு ஆகப் பத்து நிமிஷம். அப்பா அன்று வழக்கத்தைவிட ஒரு வாய் காபி கூடக் குடித்தார்.

"பார்த்தியா? என் கூரை சூட்டை வாங்கவே இல்லை. வாங்கின கொஞ்சத்தையும் உடனே திருப்பிக் கொடுத்துடுத்து."

அண்ணா கான்கிரீட் துண்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். "ஆரம்பத்துலயே இவ்வளவு கம்மியா இருக்கக் கூடாதே" என்று முனகினான்.

"ஏன் இருக்கக் கூடாது? உன் புஸ்தகத்துல அப்படிப் போடலையா?"

இரண்டாம் நாளும் அதேதான். ஐந்து நிமிஷம் முன்னே பின்னே. மொத்தம் மூன்று நாள் என்று பேச்சு. மூன்றில் இரண்டு முடிந்துவிட்டது என்று அப்பா சொன்னார். அம்மா அன்று இரவு பரிமாறும்போது ரசம் விட மறந்து, எனக்கு நேரே மோரை ஊற்றினாள்.

மூன்றாம் நாள் நான் கேட்கப் போயிருந்த வழக்கு தள்ளிவைக்கப்பட்டது. ஒரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பாவும் அண்ணாவும் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் ஆளுக்கொரு பக்கம் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அம்மா இடது கையில் சொம்புடன் கொல்லைப் பக்கமிருந்து முற்றத்துக்கு வந்தாள். கான்கிரீட் துண்டின் மேல் அரைச் சொம்பு விட்டாள். தண்ணீர் மேலே ஓடி, கோணியை நனைத்து, தரையில் விழுந்தது. அடுத்து எங்கள் கூரைத் துண்டின் பக்கம் திரும்பிச் சொம்பைச் சாய்க்கப் போனாள்.

"அம்மா, நில்லு" என்றேன்.

அவள் நின்றாள். சொம்பு சாய்ந்தபடியே இருந்தது, தண்ணீர் விழவில்லை.

"தினமும் விடறியா?"

"ஆமாம். அப்பாதானே சொன்னார். நீங்கள்ளாம் சாப்பிட்டானதும் விட்டுட்டு, இடத்தைத் துடைச்சுட்டுத்தான் நான் சாப்பிட உக்கார்றது."

"ரெண்டுக்குமா?"

"பின்ன? ஒண்ணுக்கு விட்டு ஒண்ணுக்கு விடாம இருப்பேனா? அரைச் சொம்பு, அரைச் சொம்பு."

நான் குனிந்து எங்கள் கூரைத் துண்டின் கோணியை விலக்கிப் பார்த்தேன். மேலே தட்டை ஓடு எலும்பாகக் காய்ந்திருந்தது. கோணிக்கு உள்ளே, நடுவில், செங்கல் ஜல்லி முந்திய நாள் ஈரத்தில் இன்னும் கறுத்திருந்தது. கான்கிரீட்டில் ஈரம் மேலோடு போய்விடும். பழைய சுண்ணாம்பு அத்தனையையும் குடித்துவிட்டிருந்தது. மூன்று மணிக்கு மேலே தொட்டுப் பார்க்கிறவனுக்கு அது தெரியாது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். "நீ வெயில் காலத்துல பானைத் தண்ணி வெக்கறியே, அது ஏன் சில்லுன்னு இருக்கு? பானை கசியறது, ஈரம் காயறது, காயும்போது சூட்டையும் எடுத்துண்டு போயிடறது. நீ இந்தக் கல்லைப் பானை ஆக்கிட்டே, அம்மா. அதான் இது சீக்கிரம் ஆறறது."

அம்மா கல்லைப் பார்த்தாள். பிறகு சொம்பைப் பார்த்தாள். நான் சொன்னதைவிட வேகமாக அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்போ நானேதானா" என்றாள்.

சொம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "விடலைன்னா?"

"விடலைன்னா நிஜம் என்னன்னு தெரியும். யார் ஜெயிப்பான்னு எனக்குத் தெரியாது."

அவள் மீதித் தண்ணீரைத் துளசி மாடத்தில் ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போனாள். நான் இரண்டு துண்டுகளின் கோணியையும் வைக்கோலையும் அவிழ்த்தேன். மாட்டுக்கொட்டிலிலிருந்து காய்ந்த வைக்கோல் எடுத்து, வேறு சாக்கில் கட்டினேன். உள்ளே ஊறியிருந்த ஈரத்துக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டரை மணி நேர வெயில்தான் மீதி.

அன்று மூன்றரைக்கு எங்கள் கூரை நாற்பத்தாறு காட்டியது. நாற்பதுக்கு வந்தபோது ஆறு மணி. கான்கிரீட் அதற்குக் கால் மணி முன்னால் வந்துவிட்டது. அண்ணா மணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சரி, இன்னிக்கு உனக்கு" என்றார் அப்பா. "ரெண்டுக்கு ஒண்ணு. கணக்கு முடிஞ்சுது. நோட்டை மூடு."

நான் நோட்டை மூடவில்லை. நடந்ததை நான் சொல்லியிருக்க வேண்டும். என் வேலையே அதுதான். ஆனால் யார் என்ன செய்தார்கள் என்று நான் சொன்னால், அது அம்மாவின் மேல் ஒரு குற்றமாக விழும் என்று தயங்கினேன். அந்தத் தயக்கத்தில் அம்மா உள்ளேயிருந்து வந்துவிட்டாள். வழக்கமாக அவள் நிலைப்படியைத் தாண்டி வந்து பேசுவதில்லை.

"ஏன்னா, முதல் ரெண்டு நாள் கணக்கு தப்பு. நான் அதுல தீர்த்தம் விட்டேன்."

"எதுல?"

"ரெண்டுலயும். இந்தக் கல்லு குடிச்சுடுத்து, அந்தக் கல்லு குடிக்கலை. பானைத் தண்ணி மாதிரி இது ஆறிப் போயிடுத்து. வேணும்னா இவனைக் கேளுங்கோ."

அண்ணா சட்டென்று தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். "மூணு நாளா நான் சிமென்டுல தப்பா, தெர்மாமீட்டர்ல தப்பான்னு மண்டையை உடைச்சிண்டிருக்கேன்! அம்மா!"

அப்பா சிரிக்கவில்லை. "ஏன் விட்டே?"

"நீங்கதானே சொன்னேள்."

அது உண்மை. அப்பா ஒரு தடவை தலையை ஆட்டினார், போர்டில் ஒரு பையன் போட்ட வழியைச் சரி என்று ஒப்புக்கொள்கிற மாதிரி. பிறகு கேட்டார்: "சரி. அதை இப்போ ஏன் சொல்றே? பேசாம இருந்திருந்தா முடிஞ்சு போயிருக்குமே."

அம்மா முந்தானையை இழுத்துத் தோளில் சரி செய்தாள். வலிக்கும் தோள்.

"எனக்கு அங்க போகணும்" என்றாள்.

மூன்று சொல். நாற்பது வருஷ தாம்பத்தியத்தில் அவள் அவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறையாக இருக்கும் என்று நினைக்கிறேன். நிச்சயமாக என் காதில் விழுந்தது அதுதான் முதல் முறை. அப்பா எழுந்து, கால் அலம்பிக்கொண்டு, கோயிலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை வந்து சொன்னார்: "தப்புக் கணக்கு ரெண்டையும் அடிச்சுடு. இன்னும் ரெண்டு நாள் எடு. காய்ஞ்ச கல்லு. நானே படிக்கறேன், நீ எழுது."

அந்த இரண்டு நாளும் அப்பாவே மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மண்டியிட்டுக் குனிந்து படித்தார். இப்போது எங்கள் கூரை நன்றாக உலர்ந்திருந்தது. மூன்றரைக்கு நாற்பத்தேழு. நிழல் விழுந்த பிறகு அது இறங்குவதற்குப் பதிலாக ஒரு டிகிரி ஏறியது.

"வெயிலே இல்லாம எப்படிடா ஏறும்?" என்று அப்பா நிமிர்ந்தார்.

"மேல வாங்கின சூடு இப்போதான் நடுவுக்கு வந்து சேர்றது. நாலரை அங்குலம் நடந்து வரணுமோன்னோ" என்றான் அண்ணா.

கான்கிரீட் ஆறு மணிக்குள் நாற்பதுக்கு வந்தது. எங்கள் கூரை, விளக்கேற்றி ஆனபோதும் நாற்பத்து மூன்றில் நின்றது. நான் பஸ்ஸுக்குக் கிளம்பும் வரை அது அங்கேயே இருந்தது. அப்பா கடைசி எண்ணைத் தாமே என் நோட்டில் எழுதினார். அவர் எழுதும் நாலு மேலே மூடியிருக்கும். அந்த நோட்டை வெகு காலம் வைத்திருந்தேன்.

ஆனி மாதம் அவர்கள் போனார்கள். அப்பா வரமாட்டேன் என்று சொன்னதற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். காலையில் பெருமாள் முன்னால் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் அவருக்கு ஓர் இடம் இருந்தது, இடப்பக்கம் மூன்றாவது. அதைப் பற்றி அவர் பந்தயத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததைத் தோற்ற பிறகு எடுத்துக்கொண்டு வரவும் இல்லை. திருவெறும்பூரிலிருந்து விடிவதற்கு முன் கிளம்பும் முதல் பஸ்ஸைப் பிடித்து, சத்திரத்தில் பஸ் மாறி வந்து, கோஷ்டி முடிந்ததும் என்னோடு ஒரு காபி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார். கண்டக்டர்கள் எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டார். மழைக்காலத்தில் மட்டும் சில நாள் வரமாட்டார். அந்த நாட்களில் நான் தனியாகக் காபி போட்டுக் குடித்தேன். அந்தப் பெரிய வீட்டில் அப்போதெல்லாம் என் செருப்புச் சத்தமே எனக்குக் கேட்கும்.

அவர்கள் போய் இரண்டு மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். ஆனி முடியப் போகிறது, காற்று இல்லை, மேலே ஒரு மேகம் இல்லை. வாசலில் செம்மண். புதிதாக நட்ட வேப்பங்கன்றுகள் முழங்கால் உயரம்தான் இருந்தன. அண்ணாவும் மன்னியும் எங்கேயோ போயிருந்தார்கள். அப்பா வாசற்படியில், சுவர் நிழல் விழும் ஒன்றரை அடி அகலத்தில், மேல்துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் ஹாலுக்குள் எட்டிப் பார்த்தேன். சூளை வாயில் முகத்தைக் கொடுத்த மாதிரி இருந்தது. தலைக்கு மேலே கையைத் தூக்கினால் உள்ளங்கையில் கூரையின் அனல் தெரிந்தது. ஸ்ரீரங்கத்தில் அதே நேரத்தில் எங்கள் கூடம் இதில் பாதிச் சூடு இருக்காது. எங்களுக்கு அப்போதுதான், எனக்காவது அப்போதுதான், உறைத்தது. ஐந்து நாள் உட்கார்ந்து நாங்கள் அளந்தது, சூடு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை. எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை ஒருவரும் அளக்கவில்லை. சீக்கிரம் ஆறும் கூரை சீக்கிரம் சூடேறவும் செய்யும். கணக்கு வாத்தியார், கட்டடக்காரன், பேப்பர்காரன், மூன்று பேரும் அதைக் கேட்க மறந்துவிட்டோம்.

அம்மா தரையில் பாய்கூட இல்லாமல் சிமென்ட்டில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ரவிக்கை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. வலது கை தளர்ந்து பக்கத்தில் கிடந்தது. மணி இரண்டே முக்கால். அம்மா பகலில் தூங்கி நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த நேரத்துக்கு ஸ்ரீரங்கத்தில் அவள் இரண்டாவது தடவை கிணற்றடிக்குப் போயிருப்பாள்.

"என்னப்பா, உள்ள இப்படிக் கொதிக்கறதே!" என்றேன்.

அப்பா விசிறுவதை நிறுத்தினார்.

"மெதுவாப் பேசு. இப்போதான் கண்ணை மூடினா" என்று சொல்லிவிட்டு, எனக்கும் அந்த ஒன்றரை அடி நிழலில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.